சப்பாத்துக் கழற்றாத பிள்ளை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தமிழர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் சூப்பர்வைசர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள், தலை நரைத்தவர்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வீட்டில் நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். இரண்டாவது பிள்ளை வரப்போவதால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் இந்த வேலையை விட்டு மேசை வேலைக்கு மாறுகிறேன், அவ்வளவுதான். மாறுவது சரிதானா என்று இன்று காலையும் யோசித்தேன். நாளையும் யோசிப்பேன்.

உங்களில் ஒருவர், நோர்வே டென்மார்க் பக்கத்துத் துப்பறியும் தொடர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பாதுகாப்பு வேலையில் ஆசை வந்தது என்று மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் அவற்றைப் பார்ப்பவள். பனி, இருட்டு, ஏரிக்கரையில் ஒரு மரவீடு, கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி, ஆபத்தில் ஒரு பிள்ளை. கடைசிப் பகுதியில் அந்தப் பெண் பனிக்குள் ஓடுவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

எனக்கும் ஒருமுறை நோர்வேயிலிருந்து வந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் வேலை வந்தது. பனியும் இருந்தது. ஆனால் நான் ஓடவில்லை. ஒரு வீட்டுச் செற்றியில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டேன்.

அதைத்தான் எழுதப் போகிறேன். ஆட்களின் பெயர்கள் இதில் இல்லை. சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் அக்கா என்று எழுதுகிறவர் அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு அக்காவாக இல்லாமலும் இருக்கலாம். ஏன் இவ்வளவு கவனம் என்பது கடைசியில் உங்களுக்கு விளங்கும்.

பிள்ளைக்கு ஐந்து வயது. தாயும் தகப்பனும் பிரிந்தவர்கள், தாயிடம்தான் பிள்ளை இருக்க வேண்டும் என்று அங்கே நீதிமன்றம் சொல்லியிருந்தது. வார இறுதிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தகப்பன் திரும்பி வரவில்லை. தாயின் ரெலிபோனுக்கு ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது. "பிள்ளையும் நானும் ஒண்டாவே போறம். இனி எங்களைத் தேடாத." எங்கே போகிறோம் என்று அதில் இல்லை. அந்தத் தாய் அதை எப்படிக் கேட்டிருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் கேட்டபோது எனக்கு என் மகனின் முகம்தான் வந்தது.

அங்கிருந்த பொலிஸ் இங்கிருக்கும் பொலிசுக்குச் சொல்லி, அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். தகப்பனின் அக்கா வீடு ஸ்காபரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில், புதிதாகக் கட்டிய வீடுகளுக்குள் இருந்தது. பிள்ளை அங்கே இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். பொலிசும் வரும். ஆனால் அன்று பெரிய தெருவில் பனியில் கார்கள் மோதிக் கிடந்தன, பொலிஸ் எல்லாம் அங்கே நின்றது. நான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

காரிலேயே இருந்து காத்திருக்கலாமா என்று யோசித்தேன். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இன்னும் ஆட்கள் குடிவரவில்லை. நடைபாதையில் ஒரு மனிதரும் இல்லை. பிள்ளை இருக்கிறாளா என்று பார்ப்பது மட்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மணியை அடித்தேன். அது சரியான முடிவு என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். முடிவு வேறாக இருந்திருந்தால் அதே ஆட்கள் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். இதையும் நினைவில் வைத்திருங்கள்.

கதவைத் திறந்தவர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். கையில் ஈரத் துவாய். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறவில்லை. "உள்ள வாங்கோ, குளிருக்குள்ள நிண்டு கதைக்காமல்" என்றார்.

வாசலில் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. நானும் என்னுடையதைக் கழற்றி வைத்தேன். உள்ளே வெளிர் நிறக் கம்பளம், வாங்கி நாளாகாத செற்றி. அதன் நுனியில் அந்தப் பிள்ளை இருந்தாள், மடியில் கோட். கால்களில் ஊதா நிறப் பனிச் சப்பாத்து.

ஒரு நிமிடம் நில்லுங்கள். இது ஏன் எனக்குத் தட்டியது என்று நம்முடைய வேறு இன சகாக்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, உங்களுக்குத் தேவையில்லை. நம்முடைய எந்த வீட்டில், அதுவும் புதுக் கம்பளம் போட்ட வீட்டில், ஒரு பிள்ளையைச் சப்பாத்தோடு செற்றியில் இருக்க விடுவார்கள்? நோர்வேயிலும் வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்துப் பழக்கமும் அதற்கு எதிர். ஆனாலும் ஒருவரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை.

"சப்பாத்தைக் கழட்டி விடட்டா, செல்லம்?" என்று கேட்டேன்.

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். அவர் யன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த, சவரம் செய்யாத முகம். "அவளுக்குக் கால் குளிருது" என்றார். "பாத்தாச்சுத்தானே, தங்கச்சி? பிள்ளை நல்லா இருக்கு. நாங்கள் ஹொலிடேக்கு வந்தனாங்கள்."

கால் குளிருகிறதாக இருக்கலாம். புது வீடுகளில் சூடு ஒழுங்காக வராது. எனக்கு உடனே அப்படித்தான் தோன்றியது. நான் எப்போதும் மற்றவர் சொல்வதற்கு ஒரு நியாயம் தேடிக் கொடுப்பவள். ஆனால் பிள்ளையின் நெற்றி மயிர் வேர்வையில் ஒட்டியிருந்தது.

வொஷ்ரூம் போக வேண்டும் என்று கேட்டு, உள்ளே போய்ச் சூப்பர்வைசருக்கு ரெக்ஸ்ட் அனுப்பினேன். அவர் கயானாவில் பிறந்தவர், தமிழ் தெரியாது. எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். ஏதோ சரியில்லை, எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்கள் போல என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: நினைத்ததை விடு, கண்டதைச் சொல். நான் எழுதினேன்: சப்பாத்து, மடியில் கோட், நெற்றியில் வேர்வை, தகப்பன் கையில் கார்ச் சாவி. அதற்கும் பதில் வந்தது. பொலிஸ் வழியில் இருக்கிறது. நீ வெளியே வராதே. வந்தால் அந்தக் கதவு திரும்பத் திறக்காது.

அடுத்ததாக டேகெயாருக்கு எழுதினேன், மகனை எடுக்கப் பிந்தும் என்று. கணவருக்கு ஒஷாவாவில் பின்னேர வேலை, அவரால் வர முடியாது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். துணைக்கு யாரும் இல்லை. தண்ணீர்க் குழாயைச் சும்மா திறந்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

தகப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? பொலிஸ் இல்லாமல் என்னால் அந்த மனிதரைத் தடுக்க முடியாது. பொலிஸ் வருகிறது என்று சொன்னால் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போவார்.

அப்போதுதான் அக்கா குசினி வாசலில் வந்து நின்று, "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டார்.

பார்க்கப் போகும் வீடுகளில் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து வேண்டாம் அன்ரி, வேண்டாம் அண்ணை என்று சொல்லிச் சொல்லி நாலைந்து வருடம் கோபங்களைச் சம்பாதித்தவள் நான். அன்று, "ஓம் அக்கா, குடிப்பன்" என்றேன். "காலமேயும் சாப்பிடேல்ல."

அது பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது எனக்கு நானே ஏதோ தந்திரக்காரி போலத் தெரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் கால்களைப் பார்த்தார். "அப்ப இருங்கோ. புட்டு அவிக்கிறன்."

"அக்கா, நேரமில்லை" என்றார் தகப்பன்.

"என்ன நேரமில்லை? வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறும் வயித்தோட அனுப்பிறதோ? இரடா பேசாமல்."

அவர் இருந்தார். நாற்பது வயது மனிதர், கோட்டோடு, சாவியோடு, செற்றியின் மறு நுனியில். பிறத்தியாள் ஒருத்தியின் முன்னால் தன்னை வளர்த்த அக்காவை மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

குசினியிலிருந்து மா அரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஃப்ரீசரிலிருந்து துருவிய தேங்காய்ப்பூப் பக்கெற்றை எடுத்துத் தண்ணீருக்குள் வைப்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே மைக்ரோவேவ் இருந்தது. அதில் வைத்திருந்தால் சட்டென்று இளகியிருக்கும். சிலர் மைக்ரோவேவில் வைக்க மாட்டார்கள், என் மாமியும் அப்படித்தான், ருசி கெடும் என்பார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் எவடம்?" என்று தகப்பன் கேட்டார்.

"மட்டக்களப்பு."

"அதுதானே பாத்தன். உங்கட ஆக்கள் வாறவனை மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டிப்போடுவினமாம் எண்டு எங்கட பக்கம் பகிடி சொல்லுவினம். இஞ்ச மாறிக் கிடக்கு. வந்த ஆள் செற்றியோட ஒட்டியிருக்கு."

"சும்மா இரடா" என்று குசினியிலிருந்து அக்கா சிரித்தார். "அவவுக்குப் பசி."

நானும் சிரித்தேன். அந்தப் பகிடியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு அலுத்தவள். அன்று மட்டும் அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் அந்தச் செற்றியோடு ஒட்டிக்கொள்ளட்டும்.

புட்டு வந்தது, கத்தரிக்காய்க் குழம்போடும் சம்பலோடும். நான் சாப்பிட்டேன். எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாக. அவர் எழும்பி ரெலிபோனைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாங்கள் வெளிக்கிடப்போறம்" என்றார்.

"உந்தப் பனிக்குள்ள எங்க?"

"ஒருக்கா மிசிசாகா வரைக்கும்."

மிசிசாகாவில் ஆயிரம் வேலை இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் விமான நிலையத்தைத் தவிர அங்கே வேறொன்றும் இருக்கவில்லை.

"பிள்ளைக்கு ஒரு வாய் தீத்திப்போட்டு விடுறன்" என்று அக்கா வந்தார். "குஞ்சு, இஞ்ச வாங்கோ. சப்பாத்தோட சாப்பிடுறேல்ல." குனிந்து ஊதாச் சப்பாத்துகளைக் கழற்றினார். பிள்ளை கால் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தாள். அக்கா சப்பாத்துகளை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலுமாகக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளை சாப்பிட்டு முடித்ததும் தகப்பன் வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"அக்கா, இவளின்ர சப்பாத்து எங்க?"

"வாசல்ல பார்."

"அங்க இல்லை."

"அப்ப கராஜில வைச்சனோ தெரியேல்ல. போய்ப் பாரன். நான் சட்டி கழுவிறன்."

அவர் கராஜுக்குப் போனார். பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. "சப்பாத்து வேண்டாம், நான் தூக்கிக்கொண்டு போறன்" என்று பிள்ளையை வாரித் தூக்கினார். பிள்ளை அழவில்லை. கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் எழும்பி வாசலுக்கும் அவருக்கும் இடையில் நின்றேன். கை கழுவாமல், விரலில் சம்பலோடு. அண்ணை, பிள்ளையின்ர காலில ஒண்டுமில்லை, வெளியில பனி, இப்பிடித் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ என்று சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அறிவான வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை.

மணி அடித்தது.

அதற்குப் பிறகு ஒரு சண்டையும் நடக்கவில்லை. பொலிஸ்காரர்கள் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினார்கள். அவர் பிள்ளையை இறக்கி விட்டுப் படியில் உட்கார்ந்து தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். அன்று மாலை வேறொரு நாட்டுக்குப் போகும் விமானத்தில் இருவருக்கும் இடம் எடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அங்கே போய் என்ன செய்ய நினைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் ஆசையில்லை.

நான் பிள்ளையை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கினேன். சப்பாத்து எங்கே என்று கேட்டேன். அக்கா தெரியாது என்றார். பிறகு சத்தமாக, தம்பிக்கும் பொலிசுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ர கையால திண்டுபோட்டு என்ர வீட்டுப் பிள்ளையைத் தூக்கிறியோ? நீயும் ஒரு தாயே?"

காரில் பிள்ளையின் கால்களை என் கையுறைகளுக்குள் நுழைத்துவிட்டேன்.

அவளைத் தற்காலிகப் பராமரிப்பு வீட்டில் ஒப்படைத்துவிட்டு டேகெயாருக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகன் மட்டும்தான் மிச்சம். கோட்டும் சப்பாத்தும் போட்டபடி கதவடியில் ஒரு சின்னக் கதிரையில் இருந்தான். நெற்றி வேர்த்திருந்தது. "கழட்ட விடுறான் இல்லை" என்றார் அங்கே வேலை செய்யும் அன்ரி. "அம்மா இப்ப வந்திடுவா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன்." அங்கேயே தரையில் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் இப்படி யாருக்காகவோ காத்திருந்திருந்தால்? வெறுமனே கடைக்குப் போகக் காத்திருந்திருந்தால்? சப்பாத்தை வைத்து நான் ஒரு வீட்டையே உடைத்துவிட்டேனா? விமானச் சீட்டுப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி முழுதாகப் போகவில்லை.

இதை யாரிடம் சொல்வது? வேலை விடயத்தைக் கணவரிடம்கூடச் சொல்ல முடியாது. ஆனால் நான் யாருக்கும் சொல்லாதது நம்முடைய சனத்துக்குள் எப்படியோ ஓடிவிட்டது. எவடம் என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருந்தேன் அல்லவா? மட்டக்களப்பு, இந்த வேலை, இந்த வயது, போதும். மாமிக்கு ரெலிபோன் வந்தது. மாமி என்னைத் திட்டவில்லை. "உனக்கு வேற வேலை கிடையாதே, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். பிறந்தநாள் விழாக்களுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. போன இடங்களிலும் என் மேசையில் ஆட்கள் பிந்தித்தான் வந்து இருந்தார்கள். இந்த வேலையில் இது வரும். வந்தால் உங்களுக்கு மட்டும் நடப்பதாக நினைக்காதீர்கள்.

தாய் நோர்வேயிலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகு ஒருநாள் எங்கள் வரவேற்பு மேசையில் எனக்கென்று ஒரு தமிழ்க் கடைப் பை இருந்தது. யார் தந்தது என்று கேட்டேன். ஒரு பெண், பெயர் சொல்லவில்லை என்றார்கள். உள்ளே ஊதா நிறச் சப்பாத்துகள்.

கையில் எடுத்தபோது விரல்களில் ஏதோ ஒட்டியது. சப்பாத்தின் தையல்களுக்குள், ஒட்டுப் பட்டையின் முட்களுக்குள், அடியில் பள்ளம் பள்ளமாக இருந்த இடங்களில் எல்லாம் மங்கிய வெள்ளை. மணந்து பார்த்தேன். வறுத்த அரிசி மா.

நம்முடைய வீடுகளில் மா வாளி இருக்கும் இடத்துக்குச் செருப்புக் காலோடு போக விடமாட்டார்கள். அந்த அக்கா தெருவில் நடந்த சப்பாத்துகளை அந்த வாளிக்குள் போட்டு மூடியிருக்கிறார். தம்பி வீடு முழுவதும் தேடினாலும் அதற்குள் மட்டும் தேட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். தேங்காய்ப்பூ ஏன் தண்ணீரில் கிடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அந்த வீட்டில் சாப்பிட்டு நேரத்தை இழுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இழுத்தது நான் இல்லை.

அதன்பின் ஒரு வீட்டுக்குள் போனால், எனக்கு எதிராகப் பேசுகிறவர்களின் வாயை விடக் கையைத்தான் கூடுதலாகப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

சில வாரங்கள் கழித்து ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். மகன் என் வண்டிலுக்குள் இருந்தான். அவரோடு இன்னொரு பெண்ணும், அவருடைய வண்டிலில் ஒரு பெரிய பை வறுத்த அரிசி மாவும் இருந்தன. என் மனது முழுக்க நன்றி என்ற ஒரு சொல் நின்றது. ஒரு அடி முன்னால் வைத்தும் விட்டேன்.

அவர் என்னைக் கண்டார். கூட வந்த பெண்ணின் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "உவதான். என்ர கையால திண்டுபோட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவ."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா ஒரு கணம்தான் என் கண்ணைப் பார்த்தார். ஒரு சொல் நன்றி சொன்னால், அந்த ஒரு சொல் அன்று மாலைக்குள் அவருடைய தம்பியிடம் போய்ச் சேரும். அவர் அந்தக் குடும்பத்துக்குள்தான் தொடர்ந்து இருக்க வேண்டும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் செய்தவள் போலவே நின்றேன். அவர்கள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

"அம்மா, ஆர் அது?" என்று மகன் கேட்டான்.

"தெரியாது, ராசா" என்றேன்.